ஏணிகளை உள்ளே வைத்துப் பூட்டவும்

1

இன்று காலை எங்கள் ஊர் மேரியின் கதவில் கோடைக்கால அறிவிப்பை ஒட்டிவிட்டார்கள். மேரி என்றால் ஊர்த்தலைவரான மேர் உட்காரும் கச்சேரி என்று புதுச்சேரி, பாகூர் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் ஊராட்சிக்குக் கொம்யூன் என்றுதான் பெயர், இங்கேயும் கொம்யூன். நம் மேர் கோட்டுக்கு மேல் மூவர்ணப் பட்டையைக் கட்டிக்கொண்டு வேர்த்து நிற்பார். இங்கே அதே பட்டையைக் கட்டிக்கொண்டு குளிரில் நடுங்கி நிற்கிறார். மனுவைக் கொடுத்தால் இரண்டு பேரும் நாளைக்கு வா என்றுதான் சொல்கிறார்கள்.

அறிவிப்பு வருஷா வருஷம் ஒன்றேதான். வீட்டைச் சுற்றியுள்ள புதர்களை வெட்டவும். கூரையில் விழுந்த ஊசியிலைகளைக் கூட்டித் தள்ளவும். விறகைச் சுவரோரம் அடுக்க வேண்டாம். தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைக்கவும். காற்று எழுந்த நாளில் வெளியே நெருப்பு மூட்ட வேண்டாம். இவ்வளவுதான் இருந்து வந்தது. இந்த வருஷம் அடியில் புதிதாக ஒரு வரி முளைத்திருக்கிறது:

'தீ அபாயம் உள்ள வேளையில் எல்லா வீட்டாரும் தங்கள் ஏணிகளை உள்ளே வைத்துப் பூட்டவும்.'

இந்த மலையைச் சுற்றியுள்ள வேறு எந்தக் கொம்யூனிலும் இப்படி ஒரு வரி கிடையாதாம். நான் படித்துக்கொண்டு நிற்கும்போது ரொட்டிக்கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி எனக்கு ஒரு வணக்கம் போட்டார்.

"இன்னா முசே ரத்தினம், உம்ம பேர மட்டும் போடாம வுட்டுட்டாங்களே!"

அவர் பேசியது பிரெஞ்சு. ஆனால் யார் என்ன பாஷையில் பேசினாலும் எனக்குள் அது என் ஊரான குருவிநத்தத்துப் பேச்சாகத்தான் இறங்கும். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது. பாகூர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு படித்தவன் நான். அதனால் இங்குள்ள வெள்ளைக்காரர்கள் எல்லாரும் இந்தக் குறிப்பில் நம் ஊர்க்காரர்கள் மாதிரியே பேசுவார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பத்திரிகை நடத்தும் அன்பர், 'கடல் கடந்து வாழும் நம்மவர் அந்த நாட்டில் அடைந்த பெருமைகளை எழுதி அனுப்புக' என்று கேட்டிருந்தார். ஆறு மாதமாக யோசித்தேன். ஒரு பெருமையும் அகப்படவில்லை. இன்று காலை அகப்பட்டுவிட்டது. ஒரு கொம்யூன் முழுவதும் என் ஒருவனுக்குப் பயந்து ஏணியைப் பூட்டுகிறது.

2

நாங்கள் இருக்கும் ஊர், பிரெஞ்சு தேசத்து மார்செய்த் துறைமுகத்தில் இறங்கிக் கிழக்கே போனால் வரும் மலைக்காட்டில் இருக்கிறது. ஊரின் பெயரை எழுதினால் உங்களுக்குப் படிக்க வராது. படித்தாலும் என்னைப் போலவே தப்பாகத்தான் சொல்வீர்கள். புதுச்சேரியில் நான் சமையல் செய்துகொண்டிருந்த நீதிபதி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது என்னையும் என் மனைவி அஞ்சலையையும் கைக்குழந்தையையும் இங்கே கூட்டி வந்தார். பிறகு அவருக்கு மலை அலுத்துப்போய் மகன் வீட்டுக்குப் பட்டணம் போய்விட்டார். அங்கே ஏற்கெனவே ஒரு சமையல்காரி இருந்தாள். நாங்கள் மலையிலேயே தங்கிவிட்டோம்.

மதாம் ஒனொரின் என்ற விதவை அம்மாள் தன் திராட்சைத் தோட்டத்தில் எனக்கு வேலை கொடுத்து, தன் வீட்டுக்கு மேற்புறம், காட்டை ஒட்டி இருக்கும் சின்னக் கல்வீட்டில் எங்களைக் குடிவைத்தார். எழுபது வயது இருக்கும். ஆள் பூட்டுச் சாவி மாதிரி ஒல்லி. குரல் மட்டும் ஏரிக்கரையில் நின்று மாடு கூப்பிடுகிற குரல். பிள்ளைகள் தூரதேசத்தில். நான் பேசக் கூச்சப்படுகிறவன். அவர் பேச்சை நிறுத்தக் கூச்சப்படுகிறவர். அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

சண்டை அஞ்சலைக்கும் அவருக்கும்தான். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. இருந்தும் காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை ஒருவரை ஒருவர் விடாமல் திட்டிக்கொள்வார்கள். ஒருநாள் மதாமுக்குக் காய்ச்சல் வந்து வெளியே வரவில்லை. அஞ்சலை வேலி ஓரம் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னாய்யா, கெழவி சத்தத்தையே காணோம்?" என்று கஞ்சி வைத்துக் கொடுத்தனுப்பினாள்.

சண்டைக்குக் காரணம் வறட்டி. கல் அடுப்பறையில் சமைத்தால் சோறு வேகவில்லை என்று அஞ்சலை வீட்டுக்கு வெளியே ஊசியிலை மரத்துக் கிளைகளை வெட்டிக் கூரை போட்டு ஒரு கொட்டகை கட்டிக்கொண்டாள். நம் ஊர்ச் சவுக்கு மாதிரி இலை. ஆனால் உள்ளே பூராவும் பிசின். பற்றிக்கொண்டால் பட்டாசு. அது போதாது என்று கீழே பால்காரன் வீட்டு மாடுகளின் சாணத்தைக் கூடையில் கொண்டுவந்து, வெயில் படும் சுவர் முழுக்க வறட்டி தட்டிவிட்டாள். மதாம் வீட்டுக் கோவேறு கழுதையின் விட்டையையும் முயன்று பார்த்தாள். அது ஒட்டவில்லை என்று கழுதையையும் திட்டினாள்.

வீட்டைச் சுற்றி ஒரு சருகு கிடக்கக் கூடாது என்று உத்தரவு போடும் ஊரில், வீட்டுச் சுவரையே எரிபொருளால் மெழுகி வைத்த குடும்பம் நாங்கள் ஒன்றுதான்.

கொம்யூன் காவலர் வருஷத்துக்கு ஒருமுறை வீடுவீடாகப் பார்வையிட வருவார். இங்கே தண்டோரா போடுகிறவரும் அவரே, அபராதம் எழுதுகிறவரும் அவரே. போன கோடையில் வந்தவர் எங்கள் சுவருக்கு முன்னால் நின்று மீசையைத் தடவினார்.

"இது இன்னாம்மா, செவுத்துல வட்ட வட்டமா?"

என் மகள் பூங்காவனம் பக்கத்தில் இருந்தாள். அப்போது பதினேழு வயது. ஆசிரியை வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயரைச் சொல்ல முடியாமல், பூவைப் பிடித்துக்கொண்டு வனத்தை விட்டுவிட்டு, ஃப்ளோர் என்று வைத்துவிட்டார்கள். அவளும் அதையே வைத்துக்கொண்டாள். நாங்கள் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். திட்டினால் மட்டும் தமிழில் அழுவாள். காவலருக்குச் சாணம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அலங்காரம். எங்கள் நாட்டு வழக்கம்" என்று சொல்லிவிட்டாள்.

காவலர் தலையைச் சாய்த்து ஒன்றை விரலால் தடவிப் பார்த்தார். "கை ரேக எல்லாம் தெரியுது. நல்லாத்தான் இருக்குது" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மதாம் அவ்வளவு எளிதில் ஏமாறுகிறவர் இல்லை. அவருக்கு மூக்கு இருந்தது. இங்கே வீட்டு வாடகை, குத்தகை எல்லாம் புரட்டாசியில் வரும் சேன் மிஷேல் திருநாளில்தான் முடியும், அன்றுதான் புதுப்பிப்பார்கள். அவர் வேலி ஓரம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"தே பாரு ரத்தினம். காடு பத்திக்கிச்சின்னா மொதல்ல உன் வூடு, அதுக்கடுத்து என் வூடு. உம் பொண்டாட்டி ரெண்டுத்துக்கும் சேத்துத் திரி வச்சிக்கினு இருக்கா. சேன் மிஷேல் அன்னிக்கி யோசன பண்ணிச் சொல்றன், நீங்க இருக்கறதா போறதான்னு."

அந்த வீட்டை விட்டால் இந்த மலையில் எங்களுக்கு வேறு இடம் இல்லை. பூங்காவனத்துக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. அவள் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரத்தில் இருந்தது. வீடு போனால் அந்தப் படிப்பும் போச்சு. அஞ்சலையிடம் சொன்னேன்.

"வறட்டி இல்லன்னா சோறு எதுல வேவும், அந்தம்மா வாயிலயா?" என்றாள்.

3

இந்த இடத்தில் குருவிநத்தத்தில் ஒரு பங்குனி மாதம் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்ததுதான். ஏம்பலத்துக்கு அப்பால் இருக்கிறவர்களுக்குத் தெரியுமோ என்னவோ.

எங்கள் தெருவில் அன்றைக்கு ஓட்டு வீடு ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் தென்னங்கீற்று, இல்லாவிட்டால் கரும்புச் சோகை. பங்குனி பிறந்தால் உச்சிவெயிலுக்கு மேல் யார் வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது. தெருவில் ஒரு ஆள் கத்திக்கொண்டே போவான்: "அடுப்ப அவிங்கோ! அடுப்ப அவிங்கோ!" அவிக்காத வீட்டுக்குள் குடத்துத் தண்ணீரோடு நுழைந்து குழம்போடு சேர்த்து அணைத்துவிட்டுப் போவான். யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

அப்படியும் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டால் எரிகிற வீட்டின் பக்கம் நாங்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது போனது போனதுதான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து அடுத்த வீட்டின் மேல் ஏறிவிட வேண்டும். அரிவாளும் துறட்டியும் கொண்டு, நன்றாக இருக்கிற அந்தக் கூரையைப் பிரித்துக் கீழே தள்ள வேண்டும். நெருப்புக்கு அடுத்த படி கிடைக்காது, அங்கேயே உட்கார்ந்துவிடும். தன் வீடு எரிகிறவன்கூட அழுதுகொண்டே பக்கத்து வீட்டின் மேல்தான் ஏறுவான்.

இதற்கு ஒரு முறை உண்டு. பிரித்தவன்தான் திரும்பப் போட்டுக் கொடுக்க வேண்டும். மறுநாள் விடிந்ததும் கீற்றோடு வந்து நிற்க வேண்டும். கூரை முடிகிற வரைக்கும் அந்த வீட்டுக்குச் சோறு பிரித்தவன் வீட்டிலிருந்து வரும். முடியவில்லை என்றால் முடிகிற வரைக்கும் வரும்.

நான் சொல்லும் பங்குனியில் நான் பிரித்தது அஞ்சலையின் அப்பா வீட்டுக் கூரையை. எனக்கு இருபத்திரண்டு வயது. அதுவரைக்கும் அந்த வீட்டு வாசல் வழியாகப் போகக்கூடக் கூச்சப்பட்டு வாய்க்கால் சுற்றிப் போவேன். அன்றைக்கு எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. மேலே நின்று பிரிக்கும்போது கீழே இருந்து மாமனார், அப்போது மாமனார் இல்லை, காது கூசுகிற மாதிரி திட்டினார். மறுநாள் கீற்றுக் கட்டோடு போனேன். கீழே நின்று ஒவ்வொரு கீற்றாக எடுத்துக் கொடுத்தவள் அஞ்சலை. நான் குனிந்து அவளைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினேன்.

"இன்னா, கூரைய பிரிக்க மட்டுந்தான் கண்ணு தெரியுமா?" என்றாள்.

வைகாசியில் கல்யாணம். இன்றைக்கும் அவளுக்குக் கோபம் வந்தால், "எங்கப்பன் வூட்டுக் கூரைய பிரிச்ச ஆளுதான நீ" என்பாள். சந்தோஷம் வந்தாலும் அதையேதான் சொல்வாள். சொல்லும் மாதிரியில்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

4

போன ஆவணியில் இங்கே காற்று எழுந்தது. வடமேற்கிலிருந்து வரும் காற்று. அதற்கு மிஸ்திரால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கிற அளவுக்கு அது ஒரு ஆள்தான். வந்தால் லேசில் போகாது. மத்தியானச் சாப்பாடு முடியும் வேளையில் கோயில் மணி விடாமல் அடித்தது. மலை முகட்டுக்குப் பின்னால் புகை.

ஊர் ஆண்கள் கோடாலியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு மேலே ஓடினார்கள். நானும் ஓடினேன். காவலர் என்னைத் தடுத்து நிறுத்தினார்.

"நீ எங்க வர்ற? உனக்கு மலப் பாத தெரியாது. மதாம் ஒண்டியா இருக்காங்க. நீ வூடுங்களப் பாத்துக்க."

பார்த்துக்கொள் என்று அவர் சொன்னது பக்கெட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்பதை. இது எனக்குப் பிறகு தெரிந்தது.

நான் திரும்பி வரும்போதே புகை தோட்டத்துக்கு மேல் வந்துவிட்டது. கொள்ளிகள் காற்றில் பறந்து வந்தன. பறவைக் கூட்டம் மாதிரி வந்து, எதிர்பார்த்த மாதிரியே அஞ்சலையின் கொட்டகையில் ஒன்று இறங்கியது. கொட்டகை பட்டென்று பற்றியது. அலங்காரமும் புகைய ஆரம்பித்தது.

நான் திகைத்து நின்றேன். அஞ்சலை கத்தினாள்:

"இன்னாய்யா மரமாட்டம் நிக்கிற? காத்து எந்தப் பக்கம் அடிக்குது, பாரு! கெழவி வூடுதான் அடுத்தது! எங்கப்பன் வூட்டப் பிரிச்ச ஆளுதான நீ? ஏறுய்யா!"

அந்தக் குரல் கேட்டதும் இருபது வருஷம் கழன்று விழுந்துவிட்டது. மதாம் வீட்டுச் சுவரில் ஏணி சாத்தியிருந்தது. அதையும் நான்தான் வைத்திருந்தேன். மேரி அறிவிப்பின்படி கூரையிலிருந்து ஊசியிலை கூட்டுவதற்காக. ஒரே மூச்சில் மேலே போய்விட்டேன்.

இங்கே எல்லாம் ஓட்டுக் கூரை. நம் நாட்டு ஓட்டுக்கு அண்ணன் மாதிரி, பெரிய வளைந்த ஓடு. ஆணி கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்தி, காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்திருப்பார்கள். பிரிக்க இதைவிட வசதியான கூரை உலகத்தில் கிடையாது. எடுத்தேன், வீசினேன். எடுத்தேன், வீசினேன். கூச்சம் என்பதே இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் எதையும் செய்ததில்லை.

ஒரு பக்கத்துக் கூரை பாதி முடிந்தபோதுதான் கீழே பார்த்தேன். எங்கள் கொட்டகைக்கு முன்னால் மதாம் ஒனொரின் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு எங்கள் கூரைமேல் அடித்துக்கொண்டிருந்தார். அஞ்சலை மொண்டு கொடுக்கிறாள், அவர் வீசுகிறார். இரண்டு பேரும் அவரவர் பாஷையில் திட்டிக்கொண்டே. கொட்டகை சாய்ந்து அணைந்தது. சுவரில் புகைந்த வறட்டிகளை மதாம் விளக்குமாற்றால் ஒவ்வொன்றாக அடித்து உதிர்த்தார். அந்த வேலையை மட்டும் அவர் சந்தோஷமாகச் செய்தார் என்று தோன்றியது.

அதாவது, அவர் என் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அவர் வீட்டை இடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வறட்டியை அடித்துவிட்டு அவர் திரும்பினார். தன் வீட்டைப் பார்த்தார். வாளி கையிலிருந்து விழுந்தது.

"ரத்தினம்! நீ இன்னா பண்ற அங்க?"

"காப்பாத்தறன் மதாம்!" என்றேன், ஒரு ஓட்டை வீசிக்கொண்டே.

"ஐயோ, கடவுளே! எவனாவது அவன் கைல இருந்து என் வூட்டக் காப்பாத்துங்களேன்!"

அதற்குள் மேலே போன ஆண்கள் தோட்ட ஓரத்துப் புதரைத் தாங்களே முன்கூட்டிக் கொளுத்தி, எதிர்த்தீ வைத்து நெருப்பை மறித்துவிட்டார்கள். பச்சைத் திராட்சைக் கொடிவரை வந்த தீ அங்கேயே சுருண்டது. காற்றும் இறங்கியது. கரி பூசிய முகத்தோடு காவலர் ஓடி வந்தார். ஓடு இல்லாமல் எலும்பு தெரிந்துகொண்டிருந்த கூரையையும், அதன்மேல் ஓடும் கையுமாக நின்ற என்னையும் பார்த்தார்.

"அட படுபாவி! ஓடு எரியாதுடா! ஓட்டுக்குக் கீழ இருக்கற பலகதான் எரியும். சட்டிய மூடி வச்சிருந்த மூடியத் தொறந்துட்டியே!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்ன செய்வது என்று தெரியாமல் கையில் இருந்த ஓட்டை மெதுவாகத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன்.

பிறகு கணக்குப் பார்த்தார்கள். இத்தனை பெரிய தீயில் ஊரில் ஒரு வீட்டுக்கும் சேதம் இல்லை. மதாம் ஒனொரின் வீடு நீங்கலாக. அதற்கும் தீக்கும் சம்பந்தம் இல்லை.

5

அன்று மாலையே மேரியில் விசாரணை. மேர், அவருடைய எழுத்தர், காவலர், மதாம் எல்லாரும் இருந்தார்கள். எனக்கு வார்த்தை வராது என்று பூங்காவனத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவள் தலையைக் குனிந்தே வந்தாள். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல எம் மொகத்த எங்க வச்சிக்கறது?" என்று தமிழில் சொன்னாள். தமிழில் சொன்னதால் விஷயம் மோசம் என்று புரிந்துகொண்டேன்.

எழுத்தர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு கேட்டார்: "சேதப்படுத்தியதற்குக் காரணம்? குடிபோதையா, விரோதமா, திருட்டு எண்ணமா?" அச்சடித்த தாளில் இந்த மூன்றுக்குத்தான் இடம் இருந்ததாம்.

"மூணும் இல்ல" என்றேன்.

"அப்ப எழுத முடியாது" என்றார்.

மேர் என்னைப் பார்த்தார். "உன் கொட்டகதான எரிஞ்சிச்சி? அத அணைக்காம நல்லா இருக்கற வூட்டு மேல ஏன்பா ஏறின?"

நான் வாயைத் திறப்பதற்குள் பூங்காவனம் பேச ஆரம்பித்தாள். நான் கேட்காமலே, வேகமாக, நீளமாக. எனக்குப் பாதி புரியவில்லை. நடுவில் குருவிநத்தம் என்ற பெயர் வந்தது. இந்தப் பதினேழு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. கூரை பிரித்தது, மறுநாள் கீற்று கொண்டு போனது, அம்மா கீழே நின்று எடுத்துக் கொடுத்தது எல்லாம் கையால் காட்டினாள். அவள் அம்மா ஆயிரம் முறை சொல்லித் திட்டிய கதை. அவள் காதில் விழவில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். கடைசியில் சுவரில் இருந்தது அலங்காரம் இல்லை என்பதையும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. காவலர் தன் கையை முகர்ந்து பார்த்தார்.

மதாம் குறுக்கே ஒரு வார்த்தை போடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்து நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. எழுத்தர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் இடம் இல்லை. கடைசியில் மேர், "காரணம்: வழக்கம்" என்று ஓரத்தில் எழுதச் சொன்னார்.

"இன்னாமா சொன்ன?" என்று வெளியே வந்ததும் மகளைக் கேட்டேன்.

"நடந்ததத்தான்" என்றாள்.

6

மறுநாள் விடிந்ததும் ஏணியோடு மதாம் வீட்டுக்குப் போனேன். ஏணியைப் பார்த்ததும் அவர் விளக்குமாற்றோடு வாசலில் வந்து நின்றார்.

"மிச்சத்தையும் பிரிக்க வந்தியா?"

"போட்டுக் குடுக்க" என்றேன்.

எனக்குப் பின்னால் அஞ்சலை சோற்றுப் பானையையும் மிளகுக் குழம்பையும் தூக்கிக்கொண்டு வந்தாள். மதாமைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மேஜைமேல் வைத்துவிட்டு வந்து, தரையில் கிடந்த முழு ஓடுகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக எனக்கு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். வேடிக்கை பார்க்க ஊர் ஆண்கள் கூடினார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, ரொட்டிக்கடைக்காரர் கோட்டைக் கழற்றினார். காவலர் தன் பாழடைந்த பன்றிக் கொட்டிலின் ஓடுகளை வண்டியில் ஏற்றி வந்து, உடைந்ததற்குப் பதிலாகக் கொடுத்தார். மத்தியானம் மதாம் ஒரு வாய் குழம்பு சாப்பிட்டார். கண்ணில் நீர் முட்ட வெளியே ஓடிவந்து தொட்டியில் வாயை வைத்தார்.

"மலத் தீ வாசலோட நின்னுச்சி. உம் பொண்டாட்டி அத உள்ளயே கொண்டாந்து வச்சிட்டா!"

"இன்னாவாம்?" என்றாள் அஞ்சலை.

"நல்லா இருக்குதாம்" என்றேன்.

சாயங்காலத்துக்குள் கூரை முடிந்தது. எனக்குக் கீற்று வேயத்தான் தெரியும்; ஓடு வேய்ந்தவன் இல்லை. பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது.

சேன் மிஷேல் திருநாளுக்கு முந்தின நாள் முதல் மழை பெய்தது. மறுநாள் காலையில் மதாம் எங்கள் வாசலில் வந்து நின்றார். பூங்காவனம் புத்தகத்தை மூடினாள். அஞ்சலை புதிதாக ஒரு வறட்டியும் தட்டாமல் ஒரு மாதமாக விறகில் சமைத்துக்கொண்டிருந்தாள். அதையாவது பார்க்கட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் விலகி நின்றாள்.

"ஒழுவுது" என்றார் மதாம்.

நான் தலையைக் குனிந்தேன்.

"சமையக்கட்டுல, அலமாரிக்கு மேல. நீ போட்ட எடத்துல. உங்க ஊரு முற இன்னா? பிரிச்சவன் முடிக்கற வரைக்கும் பொறுப்பு. சோறும் அவன் வூட்டுதுதான். உம் பொண்ணு மேர்கிட்ட சொன்னத நான் கேட்டன். கூர முடியல. முடியாம எங்க போறதா உத்தேசம்?"

கையில் ஒரு காலித் தட்டு வைத்திருந்தார். அதை அஞ்சலையிடம் நீட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் தட்டோடு வருகிறார். காரத்தைத் திட்டிக்கொண்டே இரண்டாம் முறை வாங்குகிறார். மழை பெய்த மறுநாள் எல்லாம் நான் ஏணி வைத்து ஏறி ஓட்டைச் சரிசெய்கிறேன். ஒரு வருஷமாகப் போகிறது, ஒழுகல் நிற்கவில்லை. பூங்காவனத்தின் படிப்பு இந்த மாதம் முடிந்துவிட்டது.

அறிவிப்பைப் படித்துவிட்டு இன்று காலை நேராக மதாமிடம் போய், ஏணியைப் பூட்டிவிடட்டுமா என்று கேட்டேன். அவர் எனக்கு முன்பே மேரிக்குப் போய்த் தன் ஏணிக்கு மட்டும் விலக்கு வாங்கி வந்திருக்கிறார். கூரை ஒழுகுவதால் அவசியம் என்று சொன்னாராம். நேற்றுகூடச் சமையற்கட்டில் சொட்டியதாம். சரி என்று மேலே ஏறிப் பார்த்தேன்.

நேற்று மழையே இல்லை. ஆனால் அலமாரிக்கு மேலே இருக்கும் அதே ஓடு இன்றைக்கும் ஒரு கை அகலம் விலகிக் கிடந்தது. கீழிருந்து பலகைச் சந்து வழியாக விளக்குமாற்றால் தள்ளியது. சந்தில் விளக்குமாற்றுக் குச்சி ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. எந்தக் காற்றும் அந்த மாதிரித் தள்ளாது.

குச்சியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஓட்டைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன். ரொம்ப அழுத்தி வைக்கவில்லை.

"ஆச்சா?" என்று கீழே இருந்து குரல் வந்தது.

"இன்னும் ஆவல மதாம்" என்றேன்.

"அதான பாத்தன்" என்றார்.